எம்மேப் பேட்ச் ரிவ்யூவுக்கு வந்தா எங்க இருந்து படிக்கணும்

கெர்னல்ல (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையக் கோடு) மத்த எடத்து பேட்ச், அதாவது கோடு மாத்தம், பாக்குறதும் மெமரி மேப்பிங் பேட்ச் பாக்குறதும் ஒண்ணு கெடையாதுங்க. எம்மேப்னா ஒரு ஃபைலையோ டிவைஸையோ ப்ராசஸோட மெமரி அட்ரஸ்ல கொண்டு வந்து வைக்கறது. மத்த எடத்துல தப்பு பண்ணா பெரும்பாலும் அந்த ட்ரைவர் படுத்துக்கும், லாக்ல ஒரு பக்கத்துக்கு கத்தும், நமக்கு தெரிஞ்சுரும். இங்க தப்பு பண்ணா எல்லாம் ஜோரா ஓடிட்டே இருக்கும், ஆனா ஒரு ப்ராசஸ் இன்னொரு ப்ராசஸோட பேஜை (மெமரித் துண்டை) உக்காந்து படிச்சுட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது. நம்ம டீமுக்கு புதுசா வர்ற பசங்க, பொள்ளாச்சியில இருந்து வர்றவங்களும் சரி இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரங்களும் சரி, டிஃபை (எந்த வரி மாறுச்சுன்னு காட்டறதை) மேல இருந்து கீழ பச்சை வரி செவப்பு வரியா படிச்சுட்டு "நல்லாத்தான் இருக்குதுங்ணா"ன்னு சொல்லிடறாங்க. அவங்களுக்காகத்தான் இது, லினக்ஸை வச்சே சொல்றேன்.

மொதல்ல டிஃபை மூடிட்டு பேட்ச் போட்டதுக்கு அப்பறம் அந்த ஃபங்ஷன் முழுசா எப்படி இருக்குதுன்னு தொறந்து வைங்க. ஒரு பேப்பர் எடுத்து நாலே நாலு விஷயம் எழுதுங்க: எந்த லாக் எப்ப புடிக்குது எப்ப விடுது, பேஜ் டேபிள் (எந்த அட்ரஸுக்கு எந்த பேஜ்ங்கற பட்டியல்) என்ட்ரி எப்ப மாறுது, டி.எல்.பி (அந்தப் பட்டியல்ல இருந்து சிபியு எடுத்து வச்சுக்கற காப்பி) எப்ப ஃப்ளஷ் ஆகுது, அதாவது அழியுது, அந்த பேஜ் எப்ப ஃப்ரீ ஆகுது. பேட்சுக்கு முன்னாடி இந்த நாலும் என்ன வரிசையில இருந்துச்சு, இப்ப என்ன வரிசை. வரிசை மாறியிருந்தா பேர் சரியில்ல, ஸ்பேஸ் சரியில்லங்கற கமெண்ட் எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், ஏன் மாறுச்சுன்னு மொதல்ல கேளுங்க.

வரிசைக்கு ஏன் இவ்ளோ அலட்டிக்கறேன்னா, பேஜ் டேபிளை மாத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கறதுதான் இங்க பாதி பக்குக்கு வேர். பாலக்காட்டு ஆபீஸ்ல ஒரு வண்டியோட பெர்மிட்டை ரத்து பண்ணி ரெஜிஸ்டர்ல கோடு போட்டுட்டாங்கன்னு வைங்க, ஆனா வாளையார்லயும் வேலந்தாவளத்துலயும் கோபாலபுரத்துலயும் கோவிந்தாபுரத்துலயும் இருக்குற செக்போஸ்ட்காரங்க மேசையில பழைய லிஸ்ட்தான் கெடக்குது, ஃபோன் போட்டு எல்லாரும் "கிழிச்சாச்சு"ன்னு சொல்ற வரைக்கும் அந்த வண்டி பாட்டுக்கு போயிட்டு வந்துட்டுத்தான் இருக்கும். ஒவ்வொரு சிபியு கையிலயும் இருக்குற டி.எல்.பி அந்த பழைய லிஸ்ட்தான். அதனால மேப்பிங்கை எடுக்கும்போது என்ட்ரியை அழி, எல்லா சிபியுவுக்கும் ஃப்ளஷ் சொல்லு, அது முடிஞ்சதுக்கு அப்பறம்தான் பேஜை ஃப்ரீ பண்ணு. ஸ்பீடுக்காக நெறைய பேஜை சேத்து வச்சு ஒரே ஃப்ளஷ்ல முடிக்கற வேலைக்குத்தான் எம்எம்யு கேதர்னு ஒரு ஏற்பாடே இருக்குது, "ஃப்ளஷ்ஷை கொறைச்சோம், ஸ்பீட் ஆச்சு"ன்னு ஒரு பேட்ச் வந்தா சந்தோஷப்படாம, ஃப்ரீ பண்றது ஃப்ளஷ்ஷுக்கு முன்னாடி நழுவிடுச்சான்னு தேடுங்க.

இதுக்கு 2018ல வெளிய வந்த எம்ரீமேப் பக்கை விட நல்ல பாடம் கெடைக்காது, லினக்ஸ் 4.19ல சரி பண்ணாங்க. எம்ரீமேப் ஒரு மேப்பிங்கை பழைய அட்ரஸ்ல இருந்து புது அட்ரஸுக்கு நகத்தும். அப்ப இருந்த கோடு என்ட்ரிகளை நகத்தி முடிச்சு, பேஜ் டேபிள் லாக்கை விட்டுட்டு, அதுக்கு அப்பறம்தான் ஃப்ளஷ் பண்ணுச்சு. ஒரு ப்ராசஸோட மேப்பிங் எல்லாத்துக்கும் சேத்து எம்மேப் லாக்னு ஒரு பூட்டு உண்டு, ரீட்ல பல பேர் சேந்து புடிக்கலாம், ரைட்ல ஒருத்தர்தான். இந்தக் கோட்டை ஒரு தம்பிக்கு காட்டுனப்ப, "எம்மேப் லாக்கை ரைட்ல புடிச்சிருக்குதேங்ணா, இன்னொருத்தன் எப்படிங்ணா உள்ள வருவான்?"ன்னு கேட்டான். சரியான கேள்வி. "மேப் பண்ணது ஒரு ஃபைலு கண்ணு. அதை இன்னொரு த்ரெட் ட்ரங்கேட் பண்ணா, அதாவது வெட்டிச் சுருக்குனா, எம்மேப் லாக்கை கேக்கவே கேக்காது. ஃபைல் பக்கமிருந்து யாரெல்லாம் இதை மேப் பண்ணியிருக்கான்னு பாத்துட்டு நேரா பேஜ் டேபிளுக்கு வந்துரும்." அப்படி வந்து புது அட்ரஸ்ல இருக்குற என்ட்ரியை அழிச்சு, அந்த அட்ரஸுக்கு மட்டும் ஃப்ளஷ் பண்ணி, பேஜை ஃப்ரீ பண்ணிரும், ஆனா இன்னொரு சிபியுவுல பழைய அட்ரஸோட டி.எல்.பி என்ட்ரி இன்னும் உசுரோட இருக்குது, அது வழியா இப்ப வேற யாருக்கோ போயிட்ட பேஜை எழுதலாம். தீர்வு என்னன்னா பேஜ் டேபிள் லாக்கை விடறதுக்கு முன்னாடியே ஃப்ளஷ் பண்றது, அவ்ளோதான்.

இதுல இருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கங்க. லாக் புடிச்சிருக்குதான்னு மட்டும் பாக்காம, இந்த பேஜுக்கு வர்றதுக்கு எத்தனை வழி இருக்குதுன்னு பாருங்க. ப்ராசஸோட வி.எம்.ஏ (ஒவ்வொரு மேப்பிங்குக்கும் கெர்னல் வச்சிருக்குற பதிவு) வழியா வரலாம், ஃபைல்ல இருந்து ரிவர்ஸ் மேப் வழியா வரலாம், கப் ஃபாஸ்ட் (யூசர் பேஜை கெர்னல் வேகமா எடுக்கற வழி) மாதிரி எம்மேப் லாக்கே எடுக்காம டேபிளை நடந்து பாத்தும் வரலாம். 6.4ல இருந்து (2023) பேஜ் ஃபால்ட்டும் (டேபிள்ல என்ட்ரி இல்லாத அட்ரஸைத் தொட்டா கெர்னலுக்கு வர்றது) தனித்தனி வி.எம்.ஏ லாக்கை மட்டும் எடுத்துட்டு வருது, அதனால "எம்மேப் லாக் ரைட்ல இருக்குது, ஃபால்ட் எதுவும் வராது"ங்கற பழைய நம்பிக்கை இப்ப செல்லாது, அந்த வி.எம்.ஏவையும் எழுதறதுக்குன்னு தனியா பூட்டியிருக்குதான்னு பாக்கணும். எம்மேப் லாக்கோட பழைய பேரு எம்மேப் செம், 5.8ல மாத்துனாங்க, கமெண்ட்ல இன்னும் பழைய பேர் இருந்தா அந்த கமெண்ட் எந்த காலத்து சட்டத்தை சொல்லுதுன்னு கொஞ்சம் சந்தேகமாவே படிங்க.

சட்டம் மாறுனது தெரியாம பழைய கோடு அப்படியே நின்னதாலதான் 2023ல ஸ்டாக்ராட்ங்கற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்துச்சு. ஸ்டாக் தானா வளரும்போது ரீட் லாக் மட்டும் போதும்னு பல வருஷமா ஓடிட்டு இருந்துச்சு, வி.எம்.ஏக்களை ரெட் பிளாக் ட்ரீங்கற அமைப்புல அடுக்கி வச்சிருந்த காலத்துல வி.எம்.ஏவோட ஆரம்ப அட்ரஸை மாத்துனா போதும், ட்ரீ அசையாது. 6.1ல மேப்பிள் ட்ரீ வந்ததும் அதே வேலைக்கு நோடையே மாத்தி பழசை ஃப்ரீ பண்ண வேண்டியதாச்சு, ரீட் லாக்ல இருக்குற இன்னொருத்தன் அந்த பழைய நோடை கையில வச்சிருந்தா கதை முடிஞ்சுது. ஸ்டாக் வளர்ற கோட்டுல பெருசா யாரும் கை வைக்கல, அடியில இருந்த டேட்டா ஸ்ட்ரக்சர்தான் மாறுச்சு, அதனால ஒரு பேட்ச் டேட்டா ஸ்ட்ரக்சரை மாத்துதுன்னா அதை உபயோகிக்கற எல்லா எடத்தையும் கிரெப் போட்டுத் தேடி லாக்கை சரி பாக்கறது உங்க தலையிலதான்.

அடுத்து லாக்கை நடுவுல விட்டுட்டு திரும்ப புடிக்கற எடம். ஃபால்ட் ஹேண்ட்லர் ரீட்ரைன்னு திரும்பி வந்தா லாக் ஏற்கனவே போயிடுச்சுன்னு அர்த்தம், கையில இருக்குற வி.எம்.ஏ பாயிண்டரை தொடக்கூடாது, திரும்ப தேடி எடுக்கணும். அதே மாதிரி எம்மேப் லாக்கை வச்சுக்கிட்டு யூசர் மெமரியில இருந்து காப்பி பண்ற கோடு இருந்தா ஒடனே நிறுத்துங்க, அந்த காப்பியே ஃபால்ட் ஆகி அதே லாக்குக்கு வந்து நிக்கும். "ரெண்டும் ரீட் லாக்தானேங்ணா"ன்னு சொல்வாங்க, நடுவுல ஒருத்தன் ரைட் லாக்குக்கு வரிசையில நின்னுட்டா ரெண்டாவது ரீட் லாக் அவன் பின்னாடி நிக்கும், அவன் நமக்காக நிப்பான், அப்பறம் யாருமே நகர மாட்டாங்க.

இனி ட்ரைவரோட எம்மேப் ஹேண்ட்லர், அதாவது யூசர் டிவைஸை மேப் பண்ணக் கேட்டா ஓடற ஃபங்ஷன். நம்ம மாதிரி போர்டு வேலை பாக்குறவங்களுக்கு இதுதான் ரொம்ப வரும், தப்பும் இங்கதான் கொட்டிக் கெடக்குது. ஒரு டிவைஸ்ல 64 கேபி ரெஜிஸ்டர் ஏரியா, 4 கேபி பேஜ்னா 16 பேஜ். கோடு வி.எம்.ஏவோட சைஸ் 64 கேபிக்குள்ள இருக்குதான்னு பாத்துட்டு, டிவைஸ் அட்ரஸோட யூசர் குடுத்த ஆஃப்செட்டை கூட்டி ரீமேப் பண்ணுது. சைஸைப் பாத்தாச்சு, ஆஃப்செட்டை யாரு பாத்தா? ரெண்டே பேஜ் கேட்டு ஆஃப்செட்டை 5000 பேஜ்னு குடுத்தா டிவைஸுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதோ அது யூசர் கைக்கு போயிரும். சரி பண்ணச் சொன்னா ஆஃப்செட்டை பைட்டா மாத்தி சைஸோட கூட்டி 64 கேபியோட ஒப்பிடுவாங்க, அதுவும் பத்தாது, ஆஃப்செட்டை பிரம்மாண்டமா குடுத்தா கூட்டல் சுத்தி வந்து சின்ன நம்பரா நிக்கும். பேஜ் கணக்குலயே, கூட்டாம கழிச்சுப் பாக்கச் சொல்லுங்க: ஆஃப்செட் 16ஐ தாண்டுதா, தாண்டுனா கெளம்பு, இல்லன்னா 16ல இருந்து ஆஃப்செட்டை கழிச்ச மீதி கேட்ட பேஜுக்கு போதுமா. ஆஃப்செட் 15, கேக்குறது 2 பேஜ்னா மீதி 1தான், முடியாதுன்னு திருப்பி அனுப்பிரும். இந்த கணக்கை எல்லாம் ஒழுங்கா போட்டுத் தர்ற விஎம் ஐஓமேப் மெமரிங்கற ஃபங்ஷன் 2013ல இருந்தே இருக்குது, அதை விட்டுட்டு சொந்தமா எழுதுனா ஏன்னு கேக்க உங்களுக்கு உரிமை உண்டு.

பர்மிஷனையும் இங்கயே பாத்துருங்க. ரீட் ஒன்லின்னு சொல்ற ட்ரைவர் ரைட் ஃப்ளாக் இருந்தா மறுக்குது, சரி, ஆனா ஃபைலை ரீட் ரைட்ல தொறந்து, ரீட்ல மேப் பண்ணி, அப்பறம் எம்புரொடெக்ட் போட்டு ரைட்டா மாத்திக்கலாமே. அதை தடுக்க மே ரைட் ஃப்ளாக்கையும் (பின்னாடி ரைட்டா மாத்திக்கலாம்ங்கற அனுமதி) சேத்து எடுக்கணும். இந்த ஒரு வரி இல்லாம வர்ற பேட்ச் நெறைய.

நம்பர் கணக்குல இன்னும் ரெண்டு: நீளத்தை இன்ட்ல வச்சிருந்தா லாங்கா மாத்தச் சொல்லுங்க, நீளத்தை பேஜ் அளவுக்கு ரவுண்ட் பண்ணதும் ஜீரோ ஆயிடுச்சான்னு பாக்கச் சொல்லுங்க, ரொம்ப பெரிய நீளம் ரவுண்ட் ஆகி ஜீரோவா வரும். எரர் வழியில மெமரி கணக்கு, ஃபைல் ரெஃபரன்ஸ், லாக் மூணும் திரும்பிப் போகுதான்னு பாத்தா அது போதும்.

அப்பறம் ஹிஸ்டரி. ஒரு செக்கை "தேவையில்ல"ன்னு எடுக்கற பேட்ச் வந்தா அந்த செக்கை யார் எப்ப ஏன் போட்டாங்கன்னு கிட் பிளேம்ல பாக்காம ஓகே சொல்லாதீங்க. டர்ட்டி கவ்ங்கற ஓட்டை (ரீட் மட்டும் உள்ள பேஜை எழுத விட்டது) 2.6.22ல, அதாவது 2007ல நுழைஞ்சு 2016 வரைக்கும் இருந்துச்சு. சரி பண்ண கமிட்ல லினக்ஸை உருவாக்குன லைனஸே எழுதியிருக்காரு, 11 வருஷத்துக்கு முன்னாடியே இதை ஒரு தடவை சரி பண்ணப் பாத்ததாவும், எஸ்390ங்கற ஐபிஎம் மெஷின்ல பிரச்சனை வந்ததால அதை திரும்ப எடுத்துட்டதாவும். ஒரு ஆர்க்கிடெக்சருக்காக எடுத்த செக் எல்லா ஆர்க்கிடெக்சரையும் தொட்டுருச்சு பாருங்க.

டெஸ்ட் பத்தி சுருக்கமா. லாக் தப்பு, மெமரி தப்பைப் புடிக்கற லாக்டெப், கேஸான், டீபக் விஎம் மூணும் ஆன் பண்ண கெர்னல்ல ஓடுச்சான்னு கேளுங்க, கெர்னல் சோர்ஸ்லயே இருக்குற எம்எம் செல்ஃப்டெஸ்ட்டை ஓட்டச் சொல்லுங்க, 32 பிட்டுக்கும் 64 கேபி பேஜ் வச்ச ஆர்ம்64க்கும் பில்ட் பண்ணச் சொல்லுங்க, 4096ன்னு நேரா எழுதி வச்சது எல்லாம் அங்கதான் மாட்டும். ரேஸ் (ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல மோதி வர்ற தப்பு) இருக்குமோன்னு சந்தேகம் வந்தா என்ட்ரி அழிக்கறதுக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் நடுவுல ஒரு எம்டிலே (தூங்காம காத்திருக்கறது) போட்டு ரெண்டு த்ரெட்டை மோத விடுங்க, ஸ்பின்லாக்குக்குள்ள தூங்கக் கூடாதுங்கறதால எம்ஸ்லீப் வேண்டாம். "அந்த கேப் நானோசெகண்ட் தானேங்ணா, யாருக்கு மாட்டப் போகுது"ங்கற பேச்சை ஏத்துக்காதீங்க, யூசர்ஃபால்ட்எஃப்டி, ஃப்யூஸ் மாதிரி வசதியை வச்சு ஃபால்ட்டை வேணுங்கற வரைக்கும் நிறுத்தி வைக்கற ஆளுங்க இருக்காங்க.

கமெண்ட் எழுதும்போது "ரேஸ் மாதிரி இருக்குது"ன்னு விட்டுட்டா எழுதுனவருக்கு ஒண்ணும் புரியாது, கோவம்தான் வரும். சிபியு 0 இது பண்ணுது, சிபியு 1 இது பண்ணுதுன்னு ரெண்டு பத்தியா, நேர வரிசையில எழுதுங்க, எழுதும்போதே பாதி நேரம் ரேஸ் இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும், சண்டையும் மிச்சம். கோடை நகத்தறதும் நடத்தையை மாத்தறதும் ஒரே பேட்ச்ல கலந்து வந்தா படிக்கவே ஆரம்பிக்காம ரெண்டா பிரிச்சு அனுப்பச் சொல்லுங்க. அடுத்த வெர்ஷன் வந்ததும் கிட் ரேஞ்ச் டிஃப் போட்டு நீங்க சொன்னது மட்டும்தான் மாறியிருக்குதான்னு பாருங்க, சொல்லாத எடத்துலயும் கை வச்சிருப்பாங்க. ரிவ்யூட் பை (நான் பாத்துட்டேன்ங்கற வரி) போடறதா இருந்தா பாத்த பேட்சுக்கு மட்டும் போடுங்க, சீரிஸ்ல 7 பேட்ச் இருந்து 3 மட்டும் பாத்திருந்தா அந்த 3க்கு மட்டும்னு நம்பர் போட்டே எழுதிடுங்க.