ஸ்டவுட், போர்ட்டர்: வறுத்த மால்ட் பியரைச் சுவைத்து மதிப்பிடும் முறை

ஸ்டவுட், போர்ட்டர் போன்ற கறுப்பு பியரை ஒரு வாய் குடித்துவிட்டு “ரொம்பக் கசக்குது” என்று கிளாசைத் தள்ளிவைப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கசப்பு என்று சொல்வதில் பாதி கசப்பே அல்ல. நாக்கில் தங்குவது கசப்பு, பாகற்காயில் இருப்பது. ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு, கொட்டைப்பாக்கைக் கடித்தால் வருவது. விழுங்கிய பிறகு தொண்டையில் பிறாண்டுவது காறல், அரைவேக்காட்டுச் சேனைக்கிழங்கு தருவது. மூன்றுக்கும் தமிழில் அன்றாடச் சொல் இருப்பது நமக்கு வசதி. நல்ல ஸ்டவுட்டில் கசப்பு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். துவர்ப்பு லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. காறல் மட்டும் பெரும்பாலும் காய்ச்சியவரின் தவறு. இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகுவதுதான் முக்கால்வாசி வேலை.

வறுவல் எங்கிருந்து வருகிறது

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். கேழ்வரகு மால்ட்டும் இதே வழிதான். காபிக்கொட்டை வறுப்பதுபோல அதை உருளும் டிரம்மில் போட்டு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோனால் கறுப்பு மால்ட் கிடைக்கும். இங்கிலாந்தில் 1817-இல் டேனியல் வீலர் இந்த டிரம் வறுவலுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வெளிர் மால்ட்டோடு சிறிதளவு கறுப்பு மால்ட் சேர்த்தாலே போர்ட்டருக்கு நிறம் வந்துவிட்டது.

சாக்லெட் மால்ட்டில் சாக்லெட் கிடையாது. அது நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் கோகோவும் வறுத்த நிலக்கடலைத் தோலும் அதில் மணக்கும். வறுத்த பார்லி என்பது வேறு: முளைகட்டாத தானியத்தை அப்படியே வறுப்பது. சிக்கரி கலக்காத கடுங்காபியின் மணம், நாக்கு வறண்டுபோகும் முடிவு. அயர்லாந்து ஸ்டவுட்டுக்கு உயிர் கொடுப்பது இதுதான். மொத்தத் தானியத்தில் சுமார் 10 சதவீதம் போதும். கறுப்பு மால்ட் காந்தலுக்கு ஒரு படி முன்னால் நிற்கும். அளவு சற்று கூடினாலும் சாம்பல் வாடை. உமியை நீக்கிவிட்டு வறுத்த மால்ட்டும் உண்டு. நிறம் கறுப்பு, சுவை மென்மை. ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர் பல, கறுப்பாக இருந்தும் கருகல் இல்லாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். கேரமலும் உலர்திராட்சையும் போல இனித்தால் அது உள்ளேயே சர்க்கரை பாகாகும்படி சூடாக்கிய கிரிஸ்டல் மால்ட்டின் வேலை. அதை வறுவல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதலில் மூக்கைப் பழக்குங்கள்

சின்னக் கிண்ணங்களில் வறுகடலை, இனிப்பில்லாத கோகோ பொடி, மிதமாக வறுத்த காபிக்கொட்டை, கறுக்க வறுத்த காபிக்கொட்டை, கருப்பட்டி, உலர்திராட்சை, சோயா சாஸ் எடுத்து வையுங்கள். கண்ணை மூடி ஒவ்வொன்றையும் முகர்ந்து பெயர் சொல்லுங்கள். ஏழில் ஆறு சரியாக வரும்வரை பியர் பாட்டிலைத் திறக்க வேண்டாம். மால்ட்டே கிடைத்தால் இன்னும் நல்லது: கரகரப்பாகப் பொடித்த 20 கிராம் சாக்லெட் மால்ட்டை 200 மில்லி, 70 டிகிரி நீரில் 20 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். வறுத்த பார்லியிலும் அதே அளவில் ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு வாய் குடித்தால் புத்தகம் சொல்லாத வித்தியாசம் நாக்குக்குப் புரியும்.

சிறு ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பியரை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். எளிதில் அடையாளம் காணக்கூடிய நான்கைச் சொல்கிறோம்: கோஸ்ட்ரிட்சர் ஷ்வார்ட்ஸ்பியர் (ஆல்கஹால் 4.8 சதவீதம்), கின்னஸ் டிராஃப்ட் (4.2), ஃபுல்லர்ஸ் லண்டன் போர்ட்டர் (5.4), இலங்கையின் லயன் ஸ்டவுட் (8.8). நுவரெலியா மலையில் தொடங்கிய மதுவடிப்பாலையின் மரபில் வந்த லயன், வெப்பமண்டல ஸ்டவுட் என்ற இனிப்பான, வலுவான வகைக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. சொன்ன வரிசையிலேயே குடியுங்கள். இனிப்பானதை முதலில் குடித்தால், அடுத்து வரும் வறண்ட பியர் இருப்பதைவிடக் கடுமையாகத் தெரியும். ஆளுக்கு 60 மில்லி போதும். நான்குக்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். வண்டி ஓட்டும் நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, வெற்றிலை, காரம், செண்ட் எதுவும் வேண்டாம். இடையில் நாக்கைத் துடைக்க உப்பில்லாத வெறும் பொரியும் சாதாரண நீரும் நன்றாக வேலை செய்கின்றன.

கிளாஸும் குளிர்ச்சியும்

பியரைக் குறை சொல்வதற்குமுன் கிளாஸைச் சந்தேகப்படுங்கள். உள்ளே நனைத்து உப்பைத் தூவிப் பாருங்கள். உப்பு சீராக ஒட்டினால் சுத்தம். ஒட்டாத இடத்தில் எண்ணெயோ சோப்போ இருக்கிறது. அங்கே நுரை நிற்காது.

அதிகம் நடக்கும் தவறு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே குடிப்பது. 4 டிகிரியில் மணம் அடங்கிவிடும், இனிப்பு மறைந்துவிடும், கசப்பு மட்டும் தனியே துருத்தி நிற்கும். சாதாரண ஸ்டவுட், போர்ட்டருக்கு 10 முதல் 13 டிகிரி. 8 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 13 முதல் 15. வெயில் காலத்தில் கால் மணி நேரம் வெளியே வைத்தாலே போதும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் அளந்துவிடுங்கள். குறிப்பை இரண்டு முறை எழுதுங்கள், 10 டிகிரியில் ஒன்று, 15-இல் ஒன்று. சூடு ஏற ஏற மேம்படும் பியர் உறுதியாக நல்ல பியர்.

கிளாஸைச் சாய்த்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி, இரண்டு விரல் அளவு நுரை வருமாறு பாருங்கள். செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் கறுப்பு என்று நினைத்ததன் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரியும். கின்னஸிலேயே தெரியும். ஒளி ஊடுருவாத கறுப்புக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. நைட்ரஜன் கலந்த பியரில் நுரை பாலாடை போலப் படியும், குமிழியின் கடுகடுப்பு குறையும், ஆனால் மணமும் அடங்கும். அதற்காக அந்தப் பியரின் மணத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்க அவசரப்படாதீர்கள்; கிளாஸ் கொஞ்சம் சூடேறட்டும்.

முகர்வதும் குடிப்பதும்

ஊற்றியதும் குட்டியாக இரண்டு முறை முகருங்கள். பிறகு சுழற்றி, உள்ளங்கையால் ஐந்து வினாடி மூடித் திறந்து மறுபடி. மூக்கு சலித்துப்போனால் சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தால் சமநிலைக்கு வந்துவிடும். வறுவலை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளலாம்: ரொட்டி ஓரம், வறுகடலை, கோகோ, காபி, காந்தல், சாம்பல். எந்தப் படியில் நிற்கிறது என்று குடிப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். குடித்த பிறகு எழுதினால் நாக்கு மூக்கைத் திருத்திவிடும்.

முதல் வாய் வாயைப் பழக்க மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது வாய் ஒரு மேசைக்கரண்டி அளவு. ஐந்து வினாடி வாய் முழுக்கப் புரட்டி, விழுங்கி, வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். காபியும் கோகோவும் அந்த மூச்சில்தான் வரும். மூன்றாவது வாய்க்குக் கடிகாரம் தேவை. விழுங்கியபின் நாக்கை மேல் ஈறில் தேயுங்கள். சொரசொரத்தால் துவர்ப்பு. அரை நிமிடத்தில் கசப்பு தணிந்து கோகோ வாசம் மிஞ்சினால் சுத்தமான வறுவல். ஒரு நிமிடம் கழித்தும் சாம்பல் நக்கியது போலத் தொண்டை அரித்தால் காறல். அதனால்தான் துப்பாமல் விழுங்கச் சொல்கிறோம். காறல் தொண்டையில் மட்டுமே மாட்டும்.

லேபிளில் உள்ள ஐ.பி.யு. எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். அது முக்கியமாக, பியரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் கசப்பின் அளவு. வறுவலின் கசப்பு அதில் சரியாகப் பதிவாகாது. 35 என்று போட்ட ஸ்டவுட், 35 என்று போட்ட வெளிர் பியரைவிடக் கசப்பதற்குக் காரணம் இதுவே.

குறை தெரிந்தால் காரணம் என்ன

துவர்ப்பு மிஞ்சினால் உமியில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கியிருக்கிறது. மால்ட்டில் மிஞ்சிய சர்க்கரையைக் கழுவி எடுக்கும் நீர் 77 டிகிரிக்கு மேல் போயிருக்கலாம், அல்லது அதன் பி.எச். (குறையக் குறையப் புளிப்பைக் காட்டும் அளவு) 6-ஐத் தாண்டியிருக்கலாம், அல்லது தானியத்தை மாவாக அரைத்திருக்கலாம். காறலுக்குக் காரணம் வேறு திசையில் இருக்கிறது. கறுப்புத் தானியம் அமிலத்தன்மை கொண்டது. பைகார்பனேட் குறைந்த மென்னீரில் அதை அள்ளிப் போட்டால் பி.எச். 5.2-க்குக் கீழே சரிந்து, பியர் ஒல்லியாகவும் கூராகவும் ஆகிவிடும். டப்ளினிலும் லண்டனிலும் கறுப்பு பியர் தழைத்ததற்கு அங்குள்ள பைகார்பனேட் மிகுந்த நீரும் ஒரு காரணம். அயர்லாந்து ஸ்டவுட்டில் லேசான புளிப்பு இயல்பு. வினிகர் போலக் குத்தினால், அல்லது திறந்ததும் பொங்கி வழிந்தால், கிருமி புகுந்திருக்கலாம்.

சோயா சாஸ் வாடை செத்துக் கரைந்த ஈஸ்ட்டையும் பழசான பியரையும் காட்டும். நனைந்த அட்டை வாடை காற்றுப் பட்டதால். வெண்ணெய் வாடையோடு நாக்கு வழுக்கினால், அது நொதித்தலில் உண்டாகும் டையசிட்டில் என்ற பொருள். நொதித்தலை முடிக்கவிடாமல் அவசரப்பட்டிருக்கிறார்கள். காபி சேர்த்த ஸ்டவுட்டில் பச்சைக் குடைமிளகாய் மணப்பது அந்த வகைக்கே உரிய தொல்லை, நாள்பட நாள்பட அது தூக்கலாகும். மில்க் ஸ்டவுட்டின் இனிப்பு, ஈஸ்ட் தின்னாத பால் சர்க்கரையான லாக்டோஸ். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும்.

மதிப்பெண்

பியர் போட்டி நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் தாள் 50-க்கு: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் கனம் 5, மொத்த அபிப்பிராயம் 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு இதே தாள் போதும், ஓரத்தில் கசப்பு, துவர்ப்பு, காறல் மூன்றுக்கும் 0 முதல் 5 வரை ஒரு கட்டம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பியரை அதன் வகையோடு ஒப்பிடுங்கள். ஷ்வார்ட்ஸ்பியரில் காந்தல் குறை. 10 சதவீத இம்பீரியல் ஸ்டவுட்டில் அதே அளவு காந்தல், இனிப்பு ஈடுகொடுத்தால், குணம்.

நாக்கைச் சோதிக்க மூன்று கிளாஸ் போதும். இரண்டில் ஒரே பியர், மூன்றாவதில் வேறு. வேறொருவர் ஊற்றித் தர, கண்ணைக் கட்டிக்கொண்டு மாறுபட்டதைச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு மட்டும், கிளாஸ்களை இடம்மாற்றிச் செய்யுங்கள். நான்கு தடவை சரியென்றால் உங்கள் குறிப்புகளை நம்பலாம்.