ஜெர்மன் படைப்பிரிவுப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கம்மவான்பேட்டை, காட்பாடிப் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு செக்‌ஷன், பிளாட்டூன், கம்பெனி கணக்கு அத்துப்படி. இன்றைய ஜெர்மன் ராணுவத்திலும் அதே ஏணிதான்: குருப்பே (செக்‌ஷன்) 8–12 பேர், ட்ஸூக் (பிளாட்டூன்) 30–60, கம்பெனி 60–250, பட்டாலியன் 300–1,200, பிரிகேடு 5,000 வரை. ஆஸ்திரியாவில் பிரிகேடோடு ஏணி முடிந்துவிடும், அதற்கு மேலே டிவிஷன் கிடையாது.

தடுமாற்றம் எண்களில்தான். 1806 வேலூர்ப் புரட்சி ஆவணங்களில் 2/23 என்றால் 23ஆம் ரெஜிமென்ட்டின் (பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு) இரண்டாம் பட்டாலியன். அந்தப் பழக்கத்தில் உலகப்போர்க்கால ஜெர்மன் தாளில் 7./41 என்பதை ஏழாவது பட்டாலியன் என்று படித்தால் தப்பு. சாய்கோட்டுக்கு முன் ரோமன் எண் இருந்தால்தான் பட்டாலியன். சாதா எண் இருந்தால் கம்பெனி. எண்ணை ஒட்டிய புள்ளிக்கு ‘ஆவது’ என்று பொருள்.

பட்டாலியன் எது என்று எழுதியிருக்காது, ஆனால் கண்டுபிடித்துவிடலாம். 1939 காலாட்படை ரெஜிமென்ட்டில் கம்பெனிகளுக்குத் தொடர் எண்: 1–4 முதல் பட்டாலியன், 5–8 இரண்டாவது, 9–12 மூன்றாவது. ஆகவே 7 இரண்டாவதில் வரும். 4, 8, 12 இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனிகள்; 13 காலாட்படைப் பீரங்கி, 14 டாங்கி எதிர்ப்பு.

அன்றைய ஜெர்மன் விமானப்படையில் இதே கணக்கைப் போடாதீர்கள். அங்கே குருப்பே என்பது பத்துப் பேர் அல்ல, மூன்று ஸ்குவாட்ரன் சேர்ந்தது. மும்மூன்றாக எண்ணுவதால் 7ஆம் ஸ்குவாட்ரன் மூன்றாவது குருப்பேயில் விழும்.

ரெஜிமென்ட் என்றதும் நம் மெட்ராஸ் ரெஜிமென்ட் நினைவுக்கு வரும். அதன் பட்டாலியன்கள் ஆளுக்கொரு பிரிகேடில், ஆளுக்கொரு எல்லையில் இருக்கும். அன்றைய ஜெர்மன் ரெஜிமென்ட்டோ ஒரே தளபதியின் கீழ் மூன்று பட்டாலியன்களோடு, ஏறக்குறைய 3,000 பேராக ஒன்றாகக் களமிறங்கியது. இதைக் கவனிக்காவிட்டால் போர்வரைபடமே குழம்பிப்போகும். ஆப்டைலுங் என்று கண்டால் பீரங்கிப் படையிலும் டாங்கிப் படையிலும் அது பட்டாலியன் அளவுதான். சுவிஸ் பீரங்கிப் படையில் இன்றும் அப்படியே.

பிற்கால மேற்கு ஜெர்மன் பட்டாலியன்களின் மூன்றிலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிரிகேடைச் சொல்லும். ஆனால் இன்றைக்கு அதை நம்ப முடியாது. பிரிகேடுகள் கலைந்தும் பட்டாலியன்கள் பழைய எண்ணோடு இடம் மாறின: எண்ணின்படி 11ஆம் பிரிகேடில் இருக்க வேண்டிய, ரேகன் ஊரிலுள்ள 112ஆம் பட்டாலியன் இப்போது 12ஆம் டாங்கி பிரிகேடில் இருக்கிறது.