வேலை நேரக் கணக்கெடுப்பு: தரவை எங்கிருந்து தயார் செய்யத் தொடங்குவது?

ஊழியர்களின் வேலை நேரம் எதில் போகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அவசரமாகப் படிவத்தை அனுப்பிவிடுகிறார்கள். பதில்கள் வந்து குவிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "இதிலிருந்து ஏதாவது எடுத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். இப்படிப்பட்ட கோப்புகளோடு மல்லுக்கட்டியே பழகியவன் சொல்கிறேன்: பாதி வேலை படிவம் போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் கடைசி அட்டவணையை எண்கள் இல்லாமல் வரைந்துகொள்ளுங்கள். வரிசைகளில் வேலை வகைகள், பத்திகளில் பிரிவுகள். ஒரு வரிசையின் எண் கூடினாலோ குறைந்தாலோ யாரும் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்றால் அதை அடித்துவிடலாம்.

அடுத்தது ஆள் பட்டியல். சம்பளப் பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். நீண்ட விடுப்பில் இருப்பவர் அதில் இருப்பார். ஒப்பந்தப் பணியாளர் இருக்கமாட்டார். ஒவ்வொருவருக்கும் பணியாளர் எண்ணோடு தொடர்பில்லாத புது எண் கொடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் கோப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அவர் யாருக்கும் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்தால் எல்லோரும் பிசகில்லாமல் எட்டு மணி நேரம் உழைத்ததாகவே எழுதுவார்கள். அப்படி அழகாக வரும் கோப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வேலை வகைப் பட்டியலில்தான் நாள்கணக்கில் உட்கார வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து வகைகளுக்கு மேல் போனால் நிரப்புகிறவர் சலித்துப்போய் முதலில் கண்ணில் பட்டதைக் குறிப்பார். "மின்னஞ்சல்" என்று ஒரு வகை, "வாடிக்கையாளர் பணி" என்று இன்னொரு வகை வைக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதியவர் எதில் குறிப்பார்? எதற்காகச் செய்தோம் என்று பிரியுங்கள், அல்லது எதைக் கொண்டு செய்தோம் என்று பிரியுங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். காத்திருத்தல், செய்ததையே திருத்திச் செய்தல், இடம் மாறுதல், ஓய்வு ஆகியவற்றுக்குத் தனி வகைகள் வேண்டும். "வீண் நேரம்" என்று பெயர் வைத்தால் அந்தக் கட்டம் கடைசிவரை காலியாகவே கிடக்கும். "இதர" என்ற வகை இருக்கட்டும். வெள்ளோட்டத்தில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் பட்டியலைத் திரும்ப எழுதுங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டே அறிக்கை தயாரிப்பவருக்கு முதன்மை வேலை, துணை வேலை என இரண்டு பத்திகள் கொடுங்கள். மொத்தத்தில் முதன்மை மட்டுமே கூட்டப்படும்.

நாள் முழுவதையும் எழுதச் சொல்வது ஒன்றே வழி என்றில்லை. புள்ளியியலாளர் எல். எச். சி. டிப்பெட் 1930-களில் பிரிட்டிஷ் பஞ்சாலைகளில் செய்ததுபோல, தற்செயலாகத் தேர்ந்த கணங்களில் "இப்போது என்ன நடக்கிறது" என்று மட்டும் பதியலாம். ஒரு வேலை பாதி நேரத்தை எடுப்பதாக வைத்துக்கொண்டால், 95 சதவீத நம்பிக்கையில் (இப்படி நூறு முறை எடுத்தால் ஏறக்குறைய 95 முறை சரியாக அமையும் என்ற அளவில்) கூட்டிக் குறைத்து 5 சதவீதப் புள்ளிக்குள் சொல்ல 385 பதிவுகள் வேண்டும். 3 புள்ளிக்குள் என்றால் 1,068. கணங்களைத் தற்செயல் எண்களால் தேர்ந்தெடுங்கள். மணி அடித்தாற்போல ஒவ்வொரு மணிக்கும் பார்த்தால் கூட்டம் தொடங்கும் நேரமே திரும்பத் திரும்பச் சிக்கும்.

இனி நேரத்தை எழுதும் முறை. "1.30" என்பது ஒருவருக்கு ஒன்றரை மணி, இன்னொருவருக்கு 78 நிமிடம். எக்செல் 1:30 என்ற நேரத்தை நாளின் பகுதியாக, 0.0625 என்று உள்ளே வைத்திருக்கும். 26 மணி நேரக் கூட்டுத்தொகையைச் சாதாரண நேர வடிவில் 2:00 என்று காட்டும். இந்த வம்பே வேண்டாம். எல்லாவற்றையும் முழு நிமிடங்களாக வாங்குங்கள். எட்டு மணி நேரம் என்றால் 480. இரவு ஷிஃப்டில் 22:00-க்குத் தொடங்கி 06:00-க்கு முடித்தவருக்குக் கழித்தால் விடை எதிர்மறையாக வரும். முடிவு நேரம் தொடக்கத்தைவிடச் சிறிதாக இருந்தால் 1,440 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் 03/04 மார்ச்சா ஏப்ரலா என்ற சண்டை வராது.

பூஜ்யம், வெற்றுக்கட்டம், விடுப்பு மூன்றும் வெவ்வேறு. மூன்றுக்கும் தனிக் குறியீடு கொடுங்கள். ஒருவர் 400 நிமிடங்களுக்கே கணக்குக் கொடுத்திருந்தால் அதை 480-க்கு இழுத்து நீட்டாதீர்கள். மீதி 80 "பதியாதது" என்றே நிற்கட்டும். மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. திருத்தங்கள் நகலில்தான், யார், எதை, ஏன் மாற்றினார் என்ற குறிப்பும் கூடவே வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவை வேறொன்றோடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெயரை நீக்கியும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கடைசியாக வெள்ளோட்டம். சிலரிடம் ஒரு வாரக் குறிப்பை வாங்கி, இருவரை ஒருவருக்கொருவர் கலந்து பேசாமல் அதில் எந்த வேலை எந்த வகையில் சேரும் என்று குறியீடு இடச் சொல்லுங்கள். அவர்கள் வேறுபடும் இடங்களில் வகையின் வரையறை தெளிவாக இல்லை. யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிராமல், வரையறையைத் திருத்தி, தேதி போட்டு, அதே குறிப்புகளை இன்னும் இருவரிடம் கொடுங்கள்.