கம்பி பிரேக் சைக்கிள் ஓவராயில்: வீட்டில் செய்யும்போது பாழாகும் இடங்கள்

மாடிப்படிக்கு அடியில் பல வருடம் கிடந்த கம்பி பிரேக் சைக்கிளைத் துரு பாதி தின்றிருக்கும். மீதியைக் கெடுப்பது பெரும்பாலும் அதைச் சரிசெய்ய உட்காரும் முதல் நாள்தான். ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பிகள் பிரேக்கை இழுக்கும் இந்த வண்டியில் சிக்கலான பாகம் எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் திருக வேண்டும், எந்த அளவு வாங்க வேண்டும், எங்கே அடிக்கலாம் என்பது தெரியாமல் கை வைத்தால், மரை போன பி.பி. கப்பும் (‘பாட்டம் பிராக்கெட்’, அதாவது இரண்டு கிராங்கையும் இணைக்கும் அச்சு சுழலும் இடத்தின் கிண்ணம்) வளைந்த கிராங்கும்தான் (பெடல் மாட்டும் கை) மிஞ்சும்.

முதலில் திசை. சைக்கிளில் மூன்று இடங்களில் மரை இடம்புரி: இடது பெடல், செயின் பக்கத்து பி.பி. கப், ஃப்ரீவீலின் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) மேல்மூடி. இவை வழக்கத்துக்கு மாறாகக் கடிகாரச் சுற்றில்தான் கழலும். வரவில்லை என்று ஸ்பேனரில் குழாயைச் செருகி எதிர்ப்பக்கம் இழுத்தால் கிராங்கின் மரை அழிந்துவிடும். பெடலுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, அதன் மேல் முனையைப் பின்சக்கரம் பக்கமாகத் தள்ளுங்கள். இடது, வலது இரண்டும் அப்படித்தான் கழலும். செயின் பக்கத்து கப்பை, அது குழி விழுந்து தேய்ந்திருந்தால் தவிர, கழற்றவே வேண்டாம். அச்சை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் உள்ளே துடைத்தாலே போதும்.

காட்டர் பின்

அதிகம் கெடுவது இங்கேதான். கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் இந்தப் பின், ஒரு பக்கம் சாய்வாகச் சீவிய ஓர் ஆப்பு. நட்டை முழுவதும் கழற்றிவிட்டு மரை முனையில் ‘டொக் டொக்’ என்று சின்னச் சின்னதாகத் தட்டுவது பொதுவான தவறு. பின்னின் முனை காளான் போல விரிந்துவிடும். அதன்பின் அது ஓட்டை வழியே வரவே வராது, துரப்பணம் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முந்தின இரவே பின்னின் இரு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். நட்டை, அதன் முகமும் பின்னின் முனையும் ஒரே மட்டத்தில் வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். பின்னின் தலை உள்ளே நுழையும் அளவுக்கு ஓர் இரும்புக் குழாய்த் துண்டை கிராங்கின் அடியில் தரைவரை முட்டுக் கொடுங்கள். அதன் பிறகு கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் பி.பி. குண்டுகள் வழியாகப் போய் கப்பில் குழி விழும். பிறகு எத்தனை கிரீஸ் வைத்தாலும் ‘கடகட’ சத்தம் போகாது.

புதிய பின் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். 9 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு தடிமனில் வருகிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கமாக நுழைய வேண்டும். கிராங்குகளைப் படுக்கையாக நிறுத்தினால் ஒரு நட்டு மேலேயும் மறுபக்க நட்டு கீழேயும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது ஒரு கால் மட்டும் தடுமாறும். நட்டைத் திருகிப் பின்னை உள்ளே இழுக்க முயல்வதும் தவறு. மரை பிய்ந்துவிடும். சுத்தியலால் அடித்து இறுக்கிய பிறகு, அது நழுவாமல் பிடிக்கத்தான் நட்டு.

குண்டு, கோன், கிரீஸ்

குண்டுகளை எண்ணாமல் கொட்டிவிட்டு, மாட்டும்போது இடம் இருக்கிறதே என்று நிரப்பிவிடுவார்கள். பெரும்பாலான கம்பி பிரேக் வண்டிகளில் பி.பி.யில் பக்கத்துக்கு 11 கால் இன்ச் குண்டு, பின்சக்கர ஹப்பில் பக்கத்துக்கு 9 கால் இன்ச் குண்டு, முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, அளவு 3/16 இன்ச். வண்டிக்கு வண்டி மாறலாம் என்பதால், கழற்றும்போதே எண்ணித் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். வட்டத்தில் குண்டுகளை அடுக்கிய பிறகு கொஞ்சம் இடைவெளி மிஞ்ச வேண்டும். நெருக்கி அடைத்தால் அவை உருளாமல் ஒன்றையொன்று உரசும். பழைய குண்டு நான்கோடு புதியது ஐந்தைக் கலப்பதும் வேண்டாம். தேயாத புதிய குண்டுகள் மட்டுமே பாரம் தாங்கும். குண்டு விலை குறைவு, முழு செட்டாக மாற்றுவதுதான் சரி.

சக்கர அச்சில் திருகி, குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்புதான் கோன். அதை இறுக்குவதில்தான் கை பழக வேண்டும். ஆட்டமே இருக்கக் கூடாது என்று இறுக்கிவிட்டால், லாக் நட்டை முறுக்கியதும் கோன் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடும். சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுற்றிவிடுங்கள். வால்டியூப் இருக்கும் பக்கம் கனம் அதிகம், அது கீழே வந்து, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். நடுவிலேயே ‘டக்’கென்று நின்றால் இறுக்கம் அதிகம். ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் ‘லொடக்’ என்றால் தளர்ச்சி அதிகம்.

ஹப்புக்கும் பி.பி.க்கும் கிரீஸ். ஃப்ரீவீலுக்குக் கிரீஸ் கூடவே கூடாது. உள்ளே சின்ன ஸ்பிரிங் தள்ளும் இரண்டு நாக்குகள் பல்லில் விழுந்தால்தான் வண்டி நகரும். கிரீஸ் இறுகி அந்த நாக்கு ஒட்டிக்கொண்டால், நின்று மிதிக்கும் நேரத்தில் பெடல் வெறுமனே சுற்றி ஆளைத் தள்ளிவிடும். மூடியைத் திறந்தால் பொடிக் குண்டுகள் தரையெல்லாம் சிதறும், அதனால் திறக்காமலே மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக் கழுவி, காய்ந்ததும் மெல்லிய எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள்.

செயினுக்கு வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைத் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் இரும்புத் துகள் இருக்கிறது, செயினை அதுவே அரைக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். புது எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். செயின் லாக்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது மாட்டிக் கழன்றுவிடும்.

அளவில் ஏமாறுவது

கடையில் ‘22 இன்ச் சைக்கிள்’, ‘24 இன்ச் சைக்கிள்’ என்று சொல்வது ஃபிரேமின் உயரம். டயர் அளவு டயரின் பக்கச்சுவரில் இருக்கும். கம்பி பிரேக் வண்டியின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம் விட்டம் 635 மி.மீ. இன்றைய ‘700சி’ டயரையும் சிலர் 28 என்பார்கள், அதன் விட்டம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் குறைவு, ஏறவே ஏறாது. 26இல் குழப்பம் இன்னும் அதிகம்: 26 × 1⅜ என்றால் 590, 26 × 1½ என்றால் 584, 26 × 1.95 என்றால் 559. பின்னமும் தசமமும் ஒன்றல்ல. டயர் அகலத்தையும் ரிம் விட்டத்தையும் மி.மீ.யில் சொல்லும் 40-635 போன்ற எண்ணைப் பார்த்து வாங்கினால் தவறவே தவறாது.

அச்சு நட்டும் அப்படித்தான். இந்த வண்டிகள் ஆங்கிலேய அளவில் வந்தவை, பின் அச்சு 3/8 இன்ச், இன்ச்சுக்கு 26 மரை. 10 மி.மீ. மெட்ரிக் நட்டு அதில் ‘சர்’ரென்று ஏறும், பொருந்திவிட்டது போலத் தெரியும். இறுக்கும்போதுதான் நழுவும்.

துருவும் பெயிண்டும்

கழிவறை ஆசிட்டை ஊற்றினால் துரு நிமிடத்தில் போகும், குரோமும் கூடவே போகும். கழுவிய அன்றைக்கே புதுத் துரு மஞ்சளாகப் படியும். குரோம் ரிம்முக்கும் ஹேண்டில்பாருக்கும் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பழுப்புக் குழம்பு மெல்லக் கறுத்து வழியும், துடைத்தால் அடியில் பளபளப்பு தெரியும். குரோம் உரிந்த இடம் திரும்பாது. அங்கே மெழுகு பூசிக் காப்பாற்றுவதே வழி.

ஃபிரேமை முழுக்கச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்பதை நான் வேண்டாம் என்பேன். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளின் பழைய வண்டிகளில் இருக்கும் பொன்னிறக் கோடுகளும் ஸ்டிக்கரும் தின்னர் பட்டாலே கரைந்துவிடும். ஈரத்துணியும் கொஞ்சம் சோப்பும் வைத்து அழுக்கை எடுத்து, மெழுகு போட்டுப் பாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும். அடித்தே ஆக வேண்டும் என்றால் ஃபிரேம் எண்ணைப் பெயிண்டால் மூடாதீர்கள், பி.பி. மரையை டேப்பால் அடைத்துக்கொள்ளுங்கள், மழை நாளில் அடிக்காதீர்கள்.

கடைசியாக பிரேக். ரிம்மில் உரசும் ரப்பர் கட்டையைப் பிடிக்கும் ஷூவுக்கு ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் இருக்கும். அந்த இடத்தில் ரிம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மூடிய முனை வர வேண்டும். மாற்றி மாட்டினால் முதல் முறை அழுத்திப் பிடிக்கும்போதே சக்கரம் கட்டையை உருவிக்கொண்டு போய்விடும். வீட்டு வாசலில் வண்டியைத் தள்ளியபடி இரண்டு பிரேக்கையும் முழு பலத்தில் பத்துத் தடவை பிடித்துப் பார்த்த பிறகே ஏறுங்கள். குரோம் ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு மிகவும் குறையும், அன்று முன்னதாகவே பிடிக்க வேண்டும். முதல் 30, 40 கி.மீ. ஓட்டியதும் காட்டர் பின்னை மறுபடி முட்டுக் கொடுத்து ஓர் அடி அடித்து, நட்டை இறுக்குங்கள். அதற்குள் அது கொஞ்சம் தளர்ந்திருக்கும்.