பெரோவ்ஸ்கைட் ஒளி உணரி: சேலம் வெயிலிலும் ஏற்காட்டுப் பனியிலும்

பெரோவ்ஸ்கைட் (ஒளியை உறிஞ்சும் ஒரு வகைப் படிகப் பொருள்) என்றாலே சூரிய மின்கலம்தான் பேச்சு. 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழு 3.8 சதவீதத் திறனில் தொடங்கியது, இப்போது 25-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் நேராக மின்கலத்தில் இறங்க வேண்டாம் என்பேன். அடுக்கு மேல் அடுக்கு. ஒன்றில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஷார்ட். முதலில் ஒரே படலம், இரண்டு மின்முனை வைத்து, ஒளி பட்டால் மின்சாரம் கூடுதலாக ஓடும் ஓர் ஒளி உணரி செய்யுங்கள்.

ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை உறிஞ்சும் கூண்டு), ஸ்பின் கோட்டர் (சுழற்றிப் பூசும் கருவி), ஹாட் பிளேட் உள்ள கல்லூரி ஆய்வகம் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் செய்யவே கூடாது. இதில் ஈயம் இருக்கிறது. இதில் பயன்படும் கரைப்பானான டிஎம்எஃப் தோல் வழியாகவே உள்ளே போய்க் கல்லீரலைக் கெடுக்கும். நைட்ரைல் கையுறை அதை வெகுநேரம் தாங்காது. ஒரு சொட்டு பட்டாலும் உடனே மாற்றிவிடுங்கள்.

1. கண்ணாடி

ஐடிஓ (மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சு) உள்ள கண்ணாடியில், பூச்சின் மேல் இடமும் வலமும் டேப் ஒட்டி, நடுவில் ஒரு மெல்லிய கோட்டை மட்டும் திறந்து விடுங்கள். எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. அந்தக் கோட்டில் துத்தநாகப் பொடி தூவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால் அங்கே ஐடிஓ அரித்துப்போகும்; இரு பக்கமும் மிஞ்சுவதுதான் உங்கள் இரண்டு மின்முனை. இரு பக்கத்துக்கும் நடுவே மின்சாரம் ஓடவில்லை என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர், அசிட்டோன், ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) என்று வரிசையாகக் கழுவி, கடைசியாக 15 நிமிடம் யூவி ஓசோன் கருவியில் வையுங்கள்.

2. கரைசல்

லெட் அயோடைடு 461 மி.கி., மெத்தில்அமோனியம் அயோடைடு 159 மி.கி. இரண்டையும் 0.8 மி.லி. டிஎம்எஃப், 0.2 மி.லி. டிஎம்எஸ்ஓ (இன்னொரு கரைப்பான்) கலவையில் 60 டிகிரியில் கலக்குங்கள். தெளிந்த மஞ்சள் திரவம் வரும். அதை வடிகட்டுங்கள்; வடிகட்டி பிடிஎஃப்இ-யாகத்தான் (டெஃப்லான்) இருக்க வேண்டும். செல்லுலோஸ் அசிடேட் வடிகட்டி டிஎம்எஃப்பிலேயே கரைந்துவிடும்.

3. சுழற்றிப் பூசுவது

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கரைசலைக் கண்ணாடியில் விட்டு, 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4000 சுற்று), 30 விநாடி சுற்றுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரைப்பானை (டிஎம்எஃப்போடு கலக்கும், ஆனால் பெரோவ்ஸ்கைட்டைக் கரைக்காத திரவம்) மேலே விட வேண்டும். அது டிஎம்எஃப்பை இழுத்துக்கொண்டு போகும். படிகங்கள் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் முளைக்கும். விடாவிட்டால் ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவே வெறும் கண்ணாடி தெரியும்.

எத்தனையாவது விநாடியில் விடுவது? ஆய்வுக் கட்டுரையில் போட்டிருக்கும் விநாடி உங்கள் அறைக்குப் பொருந்தாது. முதலில் ஒரு பழைய கண்ணாடியில் எதிர்க்கரைப்பான் இல்லாமலே சுற்றுங்கள். படலம் எப்போது மங்கலாகிறது என்று பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று விநாடி முன்னால்தான் உங்கள் நேரம். பைப்பெட் முனையைக் கண்ணாடிக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே பிடித்து, ஒரே மூச்சில் விடுங்கள்; சொட்டுச் சொட்டாக விட்டால் வளையம் வளையமாகத் தழும்பு விழும்.

எதிர்க்கரைப்பானாகப் பல கட்டுரைகளில் டைஎத்தில் ஈதர் என்று இருக்கும். அதன் கொதிநிலை சுமார் 35 டிகிரி! சேலத்துச் சித்திரை மதியத்தில் பைப்பெட்டில் உறிஞ்சினாலே முனையிலிருந்து தானாக ஒழுகும். என் ஓட்டு எத்தில் அசிடேட்டுக்குத்தான்: கொதிநிலை 77, கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தீப்பற்றும், ஹாட் பிளேட் பக்கத்தில் வைக்காதீர்கள்.

*சேர்த்தது:* ஏற்காட்டிலிருந்து ஒருவர் படலம் வெளுத்து வருகிறது என்று எழுதியிருந்தார். அது ஈரம்தான். மலையில் ஈதர் அடங்கி நிற்கும், ஆனால் பனிமூட்டம் விடாது. தண்ணீர் சேர்ந்தால் வெளிர் நிற ஹைட்ரேட் உண்டாகும், முற்றினால் மஞ்சள் லெட் அயோடைடாக உதிரும். கண்ணாடியை 70 டிகிரிக்குச் சூடாக்கி, சூட்டோடு பூசுங்கள். அப்போது மங்கலாகும் நேரமும் முன்னால் வரும், திரும்பக் கணக்கிட வேண்டும்.

4. சூடாக்குவது

ஓரங்களில் டிஎம்எஃப் தொட்ட பஞ்சால் படலத்தைத் துடைத்து ஐடிஓ வெளியே தெரியும்படி செய்துவிட்டு, 100 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குங்கள். கண்ணாடி போல் பளபளக்கும் கரும்பழுப்பு வந்தால் சரி. கழிவைத் தனி பாட்டிலில் சேருங்கள். சிங்க்கில் ஊற்றினால் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும், அது படும் பாடு போதாதா?

5. சோதனை

9 வோல்ட் பேட்டரி, உணரி, மைக்ரோ ஆம்பியரில் வைத்த மல்டிமீட்டர், மூன்றும் தொடராக. இருட்டில் கிட்டத்தட்ட சுழியம், டார்ச் அடித்தால் ஏற வேண்டும். எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் பயப்படாதீர்கள். மின்னழுத்தத்தில் உள்ளே அயோடைடு அயனிகள் நகர்கின்றன. இரண்டு அளவீட்டுக்கு நடுவே பேட்டரியைக் கழற்றுங்கள். டிவி ரிமோட்டையும் இருட்டில் காட்டிப் பாருங்கள். பெரும்பாலான ரிமோட்டின் ஒளி 940 நானோமீட்டர்; இந்தப் படலம் சுமார் 800-க்கு மேல் எதையும் உறிஞ்சாது. சிலிக்கான் உணரி துள்ளும், இது அசையாது.

*இன்னொன்று:* வெள்ளிப் பசையை நேராகப் படலத்தின் மேலேயே தடவலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூடாது. அயோடைடு வெள்ளியை அரித்து வெள்ளி அயோடைடாக்கிவிடும். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி கொலுசுக்கே இருக்கட்டும். துடைத்த ஐடிஓ ஓரத்தில் கிளிப் மாட்டுங்கள், இல்லையென்றால் கார்பன் பசை.