பில்ஜ் பம்ப் ஓடுது, தண்ணீர் வெளியேறலையா?

நீலகிரியின் பைக்காரா ஏரியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், மூடாமல் கட்டிவைத்த மோட்டார் படகில் ஒரே இரவில் தண்ணீர் தேங்கிவிடும். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடியும் தண்ணீர் வெளியேறவில்லை என்றால் முதலில் ஹோஸைப் பாருங்கள். தொய்ந்த இடத்தில் பழைய தண்ணீர் நின்றால், பம்ப்புக்குள் காற்று அடைத்துக்கொள்ளும்.

வரிவரியான மடிப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, உட்புறம் வழுவழுப்பானதைப் போடுங்கள். பம்ப் வாய் 1⅛ இஞ்ச் என்றால் ஹோஸும் அதே அளவுதான், குறைக்கவே கூடாது. தண்ணீர் படகுக்கு வெளியே கொட்டும் வெளிவாய் வரை ஹோஸ் ஏறுமுகமாகவே போகட்டும். முழுப் பாரம் ஏற்றினாலும் வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) வேண்டவே வேண்டாம். கற்பூரமர இலைத் துணுக்கு சிக்கினாலே மக்கர் பண்ணும். கிளாம்ப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள்.

கடைசியாக இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் ஏறும்போது மிதந்து எழும் சுவிட்ச்) தானாகப் பம்ப்பைப் போடுகிறதா என்று பாருங்கள்.