எடை பிரித்துத் தீவனமிடுதல்: வளரும் வெண்பன்றிகளுக்கான முறை

ஒரே ஈற்றில் பிறந்த பத்து வெண்யார்க்‌ஷயர் இனப் பன்றிக்குட்டிகளை ஒரே கொட்டிலில், ஒரே தொட்டியில் தீவனமிட்டு வளர்த்தால், ஐந்தாம் மாதத்தில் ஒன்று ஐம்பது கிலோவிலும் மற்றொன்று முப்பது கிலோவிலும் நிற்பதைப் பார்க்கலாம். பண்ணையாளர் இதற்குக் குட்டியின் உடல்வாகையோ குடற்புழுவையோ காரணமாகச் சொல்வார். குடற்புழுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் பெரும்பாலான கொட்டில்களில் குறை தொட்டியில்தான் இருக்கிறது. பெரியது முதலில் வந்து நின்று தின்கிறது, சிறியது மிச்சத்தைத் தின்கிறது. நாளாக ஆக இந்த வேறுபாடு கூடிக்கொண்டே போகிறது.

ஆகவே தீவனக் கலவையைப் பற்றி யோசிப்பதற்கு முன் எடையை அறிய வேண்டும். தராசு இல்லாத இடத்தில் அளவுநாடாவே போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உடல் நீளத்தையும் மீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, கிடைப்பதை 69.3 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். சுற்றளவும் நீளமும் 0.80 மீட்டர் உள்ள பன்றி சுமார் 35 கிலோ இருக்கும். பன்றி தலையை நேராக வைத்து நிற்கும்போது அளக்க வேண்டும். தின்றுகொண்டிருக்கும்போது அளந்தால் நீளம் மாறிவிடும்.

எடை தெரிந்தபின் 20 கிலோ வரை, 20 முதல் 50 வரை, 50க்கு மேல் என மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். பிரிக்கும்போது சிறியவற்றைப் பழகிய கொட்டிலிலேயே விட்டுவிட்டு, பெரியவற்றைப் புதிய இடத்துக்கு மாற்றுவது நல்லது. மாலையில், தீவனம் போட்ட கையோடு மாற்றினால் சண்டை குறையும். தொட்டியில் 20 கிலோ பன்றிக்கு ஏறத்தாழ ஒரு சாண் இடமும், 90 கிலோ பன்றிக்கு ஓர் அடி இடமும் வேண்டும். எல்லாப் பன்றிகளும் ஒரே நேரத்தில் தலையை நுழைக்க முடியாத தொட்டியில் எடை பிரித்தும் பெரிய பயன் இராது.

சிறிய குட்டிக்குப் புரதம் மிகுதியாகத் தேவை, ஏனெனில் அந்த வயதில் அது தசையையும் எலும்பையும் கட்டுகிறது. வளர வளரப் புரதத் தேவை விகிதத்தில் குறைந்து, தின்பதில் பெரும்பங்கு கொழுப்பாக மாறத் தொடங்குகிறது. இதனால் தீவனத்தில் புரதம் 20 கிலோ வரை சுமார் 20 விழுக்காடும், 50 கிலோ வரை 18 விழுக்காடும், அதற்குமேல் 15 அல்லது 16 விழுக்காடும் இருந்தால் போதும். நடுக் கூட்டத்துக்கு 100 கிலோ தீவனம் கலக்க மக்காச்சோளம் 55 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 22 கிலோ, கோதுமைத் தவிடு 20 கிலோ, தாது உப்புக் கலவை இரண்டரைக் கிலோ, சாப்பாட்டு உப்பு அரைக் கிலோ எடுத்துக்கொள்ளலாம். பெரிய கூட்டத்துக்குச் சோயாவை 15 ஆகக் குறைத்துத் தவிட்டை 27 ஆக ஏற்றலாம். சிறியவற்றுக்கு மக்காச்சோளம் 60, சோயா 27, தரமான மீன்தூள் 5, தவிடு 5 என்று வைத்து, தாது உப்பையும் சாப்பாட்டு உப்பையும் அதே அளவில் சேர்க்கலாம். மீன்தூளில் உப்பு மிகுந்திருந்தால் தனியாக உப்புச் சேர்க்கக் கூடாது.

விலை குறைவென்று சோயாவுக்குப் பதில் கடலைப் பிண்ணாக்கை மட்டும் போடுவோர் உண்டு. புரத அளவு ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிந்தாலும், பன்றியின் வளர்ச்சிக்கு முதலில் பற்றாக்குறையாகும் லைசின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) கடலைப் பிண்ணாக்கில் குறைவு, மக்காச்சோளத்திலும் குறைவு. இரண்டையும் சேர்த்தாலும் குறை நிரம்பாது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் நஞ்சும் இருக்கக்கூடும், ஆகவே மழைக்காலத்தில் முகர்ந்து பார்த்தே வாங்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் கிடைக்கும் மரவள்ளித் திப்பியில், அதாவது மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையில், மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. அதைப் பெரிய கூட்டத்துக்கு ஓரளவு மட்டும் கொடுக்கலாம்.

அளவைப் பொறுத்தவரை, உலர்தீவனமாக 10 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவும், 20 கிலோவுக்கு ஒரு கிலோவும், 50 கிலோவுக்கு இரண்டு கிலோவும், 90 கிலோவுக்கு மூன்று கிலோவும் தோராயமாக வேண்டும். வேளைக்குப் போட்டதை அரைமணி நேரத்துக்குள் தின்று முடிப்பது சரியான அளவுக்கு அடையாளம். மிச்சம் கிடந்தால் அடுத்த வேளைக்குக் குறைக்க வேண்டும். கோடையில் பன்றியின் பசி மங்கும், ஆகவே விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்பும் கொடுக்க வேண்டும். 60 கிலோவுக்குமேல் காயடித்த ஆண் பன்றிகள் பெண் பன்றிகளைவிட விரைவில் கொழுப்பேறும் என்பதால், முடிந்தால் அவற்றைத் தனியே பிரித்துச் சற்றுக் குறைத்துக் கொடுக்கலாம்.

தின்னும் ஒவ்வொரு கிலோ உலர்தீவனத்துக்கும் இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர் தேவை. தண்ணீர் குறைந்தால் தீவனம் உட்கொள்வதும் குறையும். தண்ணீரின்றி உப்பு மட்டும் உள்ளே போனால் வலிப்பும் சாவும் நேரலாம்.

ஓட்டல் கழிவு கொடுப்போர் அதை அரைமணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறிய பின்பே ஊற்ற வேண்டும். 2020இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை இல்லை. வேகாத இறைச்சித் துணுக்கு அது பரவும் வழிகளுள் ஒன்று. ஓட்டல் கழிவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், ஒரு வாளி கழிவை ஒரு வாளி தீவனமாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. சிறிய கூட்டத்துக்கு வயிறு நிறைந்தும் சத்துச் சேராது என்பதால், அக்கழிவைப் பெரியவற்றுக்கு ஒதுக்குவதே என் கணிப்பில் சரி.

ஒரு கலவையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு வாரத்தில் மாற்றி முடிக்க வேண்டும். திடீரென்று மாற்றினால் கழிச்சல் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடாவை எடுத்து அளந்து, பின்தங்கிய பன்றியைத் தன்னையொத்த எடையுள்ள கூட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும்.